கிராம்பு

அதற்குப் பெயர் க்னெட்லீக்.
இந்த ஊரில் குழம்போடு தட்டில் வைக்கிற மாவுருண்டை.
வாங்கியபோது கட்டைவிரல் நீளம்,
இப்போது என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை.
நைல் நதியின் மஞ்சள் வரிகள்
ஓஸ்ட்ராவாவில், நான்காம் மாடியில்,
அறுநூறு லிட்டர் குழாய்த் தண்ணீரில்.

தனியாகத்தான் இருக்கும்.
ஒருமுறை துணைக்கு ஆறு மீன்கள் விட்டேன்.
காலையில் ஐந்து வால்கள் மிதந்தன.
ஆறாவதைப் பற்றி நானும் கேட்கவில்லை
அதுவும் சொல்லவில்லை.

மீன் இமைக்காது என்பார்கள்.
இது கண்ணை மூடும்.
ஷிஃப்ட் முடிந்து வந்து நான் விளக்கைப் போட்டால்
விழியை உள்ளே இழுத்து, சுற்றுத் தோலைச் சுருக்கி,
அணை என்கிறது.

டிசம்பரில் பால்கனித் தொட்டி உறைந்து
நத்தைகள் எல்லாம் செத்தன.
மூன்று மாதம் உரித்த இறால் கொடுத்தேன்.
மெத்தென்றிருக்கும், விலையும் அதிகம்,
அதை அன்பு என்று நினைத்துக்கொண்டேன்.
ஓடு கடிக்காத பல் தேயாது.
தேயாத பல் வளரும்.
எலிக்குத் தெரிந்த கணக்கு எனக்குத் தெரியவில்லை.

மார்ச்சில் அதன் வாய் மூடவில்லை.
இறாலைக் கவ்வும், நழுவவிடும், மறுபடி கவ்வும்.
பசியோடு கண்ணாடியில் முகத்தை வைத்து
நான் இடப்பக்கம் நடந்தால் இடப்பக்கம்
வலப்பக்கம் நடந்தால் வலப்பக்கம்.
"நாய், பூனை, மிஞ்சிப்போனால் ஆமை"
என்றார் கால்நடை மருத்துவர்.

ஞாயிறு இரவு தங்கை கணவன் ஹினெக் வந்தான்,
சுரங்கத்தில் மின்வேலை பார்த்தவன்,
நெற்றி விளக்கோடு.
"ஊதிக்கொண்டால்?"
"வாயை மட்டும் வெளியே எடுக்கணும்.
உடம்பைத் தூக்கினால் காற்றைக் குடிக்கும்.
குடித்ததை வெளியே விடத் தெரியாது."
"எங்கள் ஃபோர்மேன் மாதிரி" என்றான்.

ஜாம் பாட்டிலில் வெந்நீர், கிராம்பு எண்ணெய்,
பாலாக வெளுக்கும்வரை குலுக்கி
வாளியில் சொட்டுச் சொட்டாக.
பல்வலிக்கு மனிதர் வைக்கிற அதே வாசனை.
முதலில் சீறியது.
பிறகு சாய்ந்தது.
பிறகு வயிறு விளக்கைப் பார்த்தது.
செவுள் ஒருமுறை அசைந்தது.
வெகுநேரம் கழித்து
இன்னொரு முறை.
ஈரத் துண்டோடு அணைத்துப் பிடித்தேன்,
இரண்டு நாள் மழிக்காத கன்னம்போல் சொரசொரத்தது.

நகவெட்டி.
டக்.
ஒரு துண்டு தெறித்து ஹினெக்கின் மூக்குக்கண்ணாடியில் பட்டது,
அரை அரிசி அளவு.
இரண்டாவது வெட்டு கோணலாகப் போனது.
"இன்னும் கொஞ்சம்" என்றான்.
போதும் என்றேன். என் கை போதும் என்றது.

தொட்டிக்குள் தாங்கிப் பிடித்து
பம்பு நீருக்கு எதிரே முகத்தைக் காட்டினேன்.
பதினோரு நிமிடம்.
ஹினெக் கடிகாரத்தைப் பார்த்தான்.
நான் என் வழித்தடத்தின் நிறுத்தங்களை
ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், டிப்போ வரை போய்
திரும்பி வரும்போது ஐந்தாம் நிறுத்தத்தில்
ஒரு துடுப்பு விசிறியது.
வலது கண் திறந்தது.
இடது கண்.
மேலே வந்து என் முகத்தில் துப்பியது.

காலை நான்கு ஐந்துக்கு முதல் டிராம்.
கையுறைக்குள்ளும் கிராம்பு.
ரொட்டிக்கடை வேலைக்குப் போகிறவள் முன்கதவில் ஏறி
மூக்கை உறிஞ்சி, "பல்வலியா?" என்றாள்.
"ஆமாம்."
"பிடுங்கிவிடு" என்று சொல்லி
உட்கார்ந்ததும் தூங்கிப்போனாள்.

ஆறாம் நாள் அடுத்த அறையிலிருந்து கேட்டேன்,
கப்பி ரோட்டில் சைக்கிள் ஏறியதுபோல் ஒரு சத்தம்.
ஓடு.
அடுப்பை அணைத்துவிட்டு இன்னொன்று போட்டேன்,
அந்தச் சத்தத்துக்காக.

இப்போது குளியலறையில் இரண்டு தொட்டிகள்.
நத்தைகளுக்கு முட்டைக்கோஸ் இலை,
கொஞ்சம் முட்டையோட்டுத் தூள்;
ஓடு கெட்டியாக வேண்டுமே.
பல் தேய்க்கிற நேரம் சிலது கண்ணாடியில் ஏறி
கொம்பை நீட்டி என் பக்கம் திருப்புகின்றன.
இவற்றுக்கு நான் பெயர் வைப்பதில்லை.